புழுவின் ஆயுளை எண்ணுவது எப்படி: சி. எலிகன்ஸ் ஆயுட்கால சோதனை

நூறு புழுக்களைத் தட்டில் விட வேண்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் எத்தனை செத்தன என்று எண்ண வேண்டும், கடைசியில் ஒரு வரைபடம் போட வேண்டும். ஆயுட்கால சோதனை என்றால் இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டுதான் பலரும் ஆய்வகத்துக்குள் வருகிறார்கள். உண்மையில் செத்ததை எண்ணுவது இதில் சின்ன வேலை. எந்த நாளை முதல் நாளாக வைத்தோம், காணாமல் போன புழுவை எந்தக் கணக்கில் எழுதினோம், ஒப்பிடும் இரண்டு குழுக்களையும் கடைசி வரை ஒரே மாதிரி நடத்தினோமா என்ற மூன்று கேள்விகளில்தான் முடிவு நிற்கும், அல்லது விழும்.

இது மிகைப்படுத்தல் இல்லை. அமெரிக்காவில் மூன்று ஆய்வகங்கள் சேர்ந்து, ஒரே சேர்மங்களை ஒரே செய்முறையில் புழுக்களுக்குக் கொடுத்துச் சோதிக்கும் திட்டம் ஒன்றை நடத்துகின்றன. தொடக்கத்தில் அவற்றின் எண்கள் ஒத்துப்போகவில்லை. தோண்டிப் பார்த்தால், ஓர் இடத்தில் முட்டையிட்ட நேரத்திலிருந்து வயதைக் கணக்கிட்டார்கள், இன்னோர் இடத்தில் முட்டை பொரிந்த நேரத்திலிருந்து. புழுவைத் தூக்கும் கை, தட்டை வைக்கும் தட்டம் என்று ஒவ்வொன்றையும் எழுதி ஒழுங்குபடுத்திய பிறகுதான் எண்கள் நெருங்கி வந்தன. அனுபவசாலிகளுக்கே இந்தக் கதி என்றால், புதிதாகத் தொடங்குபவர் முதல் நாளே எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ஏன் இந்தப் புழு

சி. எலிகன்ஸ் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள, கண்ணாடி போன்ற உருளைப்புழு. நோய் எதையும் தராது. பெரும்பாலானவை இருபால் உயிரிகள்; தாமே தம்மைக் கருவுறச் செய்து 300 குஞ்சுகள் வரை போடும். அதனால் ஒரு தட்டில் இருக்கும் புழுக்கள் எல்லாம் மரபணுவில் ஏறக்குறைய ஒரே அச்சு. 20 டிகிரியில் முட்டையிலிருந்து முட்டையிடும் தாயாக மூன்று நாள் போதும். அதே வெப்பநிலையில் சாதாரண என்2 வகைப் புழு இரண்டு முதல் மூன்று வாரம் வாழும். சுண்டெலியில் இதே கேள்வியைக் கேட்டால் பதிலுக்கு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும்.

1977இல் மைக்கேல் கிளாஸ் இந்தப் புழுவை முதுமை ஆய்வுக்கு ஏற்ற விலங்கு என்று காட்டினார். 1988இல் ஃப்ரீட்மனும் ஜான்சனும் ஏஜ்-1 என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் ஆயுளை நீட்டுவதை வெளியிட்டார்கள். 1993இல் சிந்தியா கென்யனின் குழு டாஃப்-2 மரபணு பழுதான புழுக்கள் இரண்டு மடங்கு வாழ்வதையும், டாஃப்-16 இல்லாவிட்டால் அந்த நீட்சி மறைந்துவிடுவதையும் காட்டியது. இந்த இரண்டு வகைகளும் இன்றைக்கும் உங்கள் கையைச் சோதிக்க உதவும். முதல் முயற்சியில் புது மருந்து எதையும் தொடாதீர்கள். என்2, டாஃப்-2 (இ1370), டாஃப்-16 (எம்யு86) மூன்றையும் வைத்து ஒரு சோதனை நடத்துங்கள்; அடைப்பில் இருப்பது அந்தந்த மரபணு மாற்றத்தின் குறியீடு. டாஃப்-2 ஏறக்குறைய இரண்டு மடங்கும், டாஃப்-16 என்2வைவிடக் குறைவாகவும் வாழ வேண்டும். அப்படி வரவில்லை என்றால் கோளாறு புழுவில் இல்லை, தட்டிலோ கையிலோ இருக்கிறது. புழு வகைகள் எல்லாம் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உள்ள மரபணு மையத்திலிருந்து கிடைக்கும். வந்த உடனே ஒரு பங்கை மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்துவிடுங்கள். பல மாதம் தட்டு மாற்றித் தட்டு மாற்றி வளர்க்கும் புழுவில் புதுப்புது மாற்றங்கள் ஒட்டிக்கொள்ளும்.

தட்டு

புழு வளர்க்கும் ஜெல்லி போன்ற ஊட்டத்தளம் என்ஜிஎம் அகார். அதில் ஒரு லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 3 கிராம், பெப்டோன் 2.5 கிராம், அகார் 17 கிராம், தண்ணீர் 975 மி.லி. ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி) 55 டிகிரிக்கு ஆற விடுங்கள். பிறகு கலக்கிக்கொண்டே, ஒவ்வொன்றாக, எத்தனாலில் கரைத்த கொலஸ்ட்ரால் (மி.லி.க்கு 5 மி.கி.) 1 மி.லி., 1 மோலார் கால்சியம் குளோரைடு 1 மி.லி., 1 மோலார் மெக்னீசியம் சல்பேட் 1 மி.லி., 1 மோலார் பொட்டாசியம் பாஸ்பேட் (பிஎச் 6.0) 25 மி.லி. சேருங்கள்.

அவசரப்பட்டுச் சூட்டோடு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிகமாகும். நுண்ணோக்கியில் அது முட்டை மாதிரியே தெரிந்து ஏமாற்றும். கொலஸ்ட்ராலை மறந்தால் இன்னும் மோசம். புழுவால் கொலஸ்ட்ரால் போன்ற ஸ்டெரால்களைத் தானே தயாரிக்க முடியாது. முதல் தலைமுறை சமாளித்துவிடும், அடுத்தது தள்ளாடும், காரணம் என்னவென்று வாரக்கணக்கில் புரியாது.

60 மி.மீ. தட்டு ஒன்றுக்கு 10 மி.லி. ஊற்றினால் ஒரு லிட்டரில் நூறு தட்டு வரும். எல்லாத் தட்டிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். உயரம் மாறினால் ஒவ்வொரு தட்டுக்கும் நுண்ணோக்கியை மறுபடி ஃபோகஸ் செய்து கண் வலிக்கும். குமிழி வந்தால் சுடரை லேசாகக் காட்டி உடைத்துவிடுங்கள், புழு அந்த ஓட்டை வழியாகத்தான் அகாருக்குள் நுழையும். இரண்டு மூன்று நாள் அறை வெப்பத்தில் காய விடுங்கள். ஈரத் தட்டில் புழு நீந்தும், மூடியில் ஒட்டும். அதிகம் காய்ந்த தட்டில் அகாரின் விளிம்பு பிரிந்து புழு அடியில் போய்விடும்.

உணவு ஓபி50 என்ற ஈ. கோலை பாக்டீரியா. வளரத் தேவையான யூராசில் என்ற பொருளை இதற்குத் தயாரிக்கத் தெரியாது, அதனால் பாக்டீரியாப் படலம் மெல்லியதாக நின்று புழுவைப் பார்க்க வசதியாக இருக்கும். எல்பி என்ற ஊட்டத் திரவத்தில் 37 டிகிரியில் ஓர் இரவு வளர்த்து, தட்டின் நடுவில் 200 மைக்ரோலிட்டர் விடுங்கள். விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. தள்ளியே படலம் நிற்கட்டும். விளிம்பைத் தொட்டுவிட்டால் புழு சாப்பிட்டுக்கொண்டே சுவரேறும், அங்கே காய்ந்து சாகும். ஒரு சோதனைக்குத் தேவையான தட்டுகள் முழுவதையும் ஒரே கலவையில், ஒரே பாக்டீரியா வளர்ப்பில் தயாரித்து 4 டிகிரியில் வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்துவதற்கு முந்தின இரவே எடுத்து 20 டிகிரிக்கு வரவிடுங்கள். குளிர்ந்த தட்டில் நேராகப் புழுவை இறக்குவது அதற்கும் ஓர் அதிர்ச்சிதான்.

பிக், வெளிச்சம், இன்குபேட்டர்

புழுவைத் தூக்கும் பிக்கை நீங்களே செய்துகொள்ளலாம். பாஸ்டர் பிப்பெட்டின் நுனியில் ஓர் அங்குலம் பிளாட்டினம் கம்பியைச் சொருகி, கண்ணாடியை உருக்கி ஒட்டுங்கள். கம்பியின் முனையைச் சின்னக் கரண்டி போலத் தட்டையாக்கி, ஓரத்தில் கூர் இல்லாமல் தேய்த்துவிடுங்கள். பிளாட்டினம் ஏன் என்றால் சுடரில் நொடியில் சிவந்து நொடியில் ஆறும். கூர் முனை அகாரைக் கிழிக்கும், கிழிந்த இடத்தில் புழு புதையும்.

தூக்கும் கலை இதுதான்: பிக்கின் அடியில் கொஞ்சம் ஓபி50ஐ ஒட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பசையால் புழுவின் முதுகை மேலிருந்து லேசாகத் தொட்டால் அது ஒட்டிக்கொண்டு வரும். அடியில் விட்டு நெம்பாதீர்கள். புதுத் தட்டில் பிக்கைப் படலத்தின்மேல் வைத்துப் பொறுத்திருங்கள், புழு தானே ஊர்ந்து இறங்கும். ஒரே வாரத்தில் கை பழகிவிடும், ஆனால் அந்த ஒரு வாரத்தை உண்மையான சோதனையில் பழகாதீர்கள்.

அடியிலிருந்து வெளிச்சம் வரும் ஸ்டீரியோ நுண்ணோக்கி போதும், 50 மடங்கு வரை பெருக்கினால் தாராளம். வேலை முடிந்ததும் விளக்கை அணையுங்கள். கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே புழுவின் ஆயுளைக் குறைக்கிறது. ஒரு குழுவை மட்டும் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் குழுவுக்கு மட்டும் தண்டனை.

வெப்பநிலைதான் இதில் பெரிய எதிரி. 15 டிகிரியில் ஆயுள் நீளும், 25இல் சுருங்கும். ஒரு டிகிரி வித்தியாசமே வரைபடத்தில் தெரியும். நம் ஊரில் அறையை நம்பவே முடியாது, குளிரூட்டும் வசதியுள்ள பிஓடி இன்குபேட்டர் வேண்டும். அதன் முகப்பில் காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே மேல் தட்டிலும் கீழ்த் தட்டிலும் தனித்தனித் தெர்மாமீட்டர் வையுங்கள், இரண்டும் ஒத்துப்போவது அபூர்வம். கன்ட்ரோல் (மருந்து கொடுக்காத ஒப்பீட்டுக் குழு) மேலே, மருந்து கீழே என்று அடுக்கினால் மருந்தை அல்ல, இன்குபேட்டரைத்தான் சோதிக்கிறீர்கள். எல்லாக் குழுத் தட்டுகளையும் கலந்து ஒரே தட்டத்தில் வைத்து, எண்ணும் நாளெல்லாம் இடம் மாற்றுங்கள். மின்சாரம் போய் உள்ளே சில மணி நேரம் 30 டிகிரியைத் தாண்டிவிட்டால் அந்தச் சோதனையைக் கைவிடுவதே சரி. எல்லாக் குழுவுக்கும் ஒரே சூடுதானே என்று சமாதானம் சொல்லாதீர்கள். சற்று நேரச் சூடு புழுவின் தற்காப்பைத் தூண்டி ஆயுளை நீட்டவும் செய்யும், எல்லா வகையிலும் ஒரே அளவில் நீட்டாது.

ஒரே வயதுப் புழுக்கள்

பசியே அறியாத இரண்டு தலைமுறை முதலில் தேவை. தட்டில் உணவு தீர்ந்து புழுக்கள் கூட்டமாகக் குவிந்து கிடந்தால் அந்தத் தட்டிலிருந்து சோதனையைத் தொடங்கவே கூடாது. தாயின் பட்டினி பிள்ளைகளின் அளவிலும் வளர்ச்சியிலும் தெரியும்.

திங்கள் காலை 10 மணிக்கு, முட்டை நிறைந்த இளம் தாய்ப்புழுக்கள் பதினைந்தை ஒரு புதுத் தட்டில் விடுங்கள். பகல் 1 மணிக்குத் தாய்களை எண்ணி எடுத்துவிடுங்கள். பதினைந்து விட்டால் பதினைந்தும் வெளியே வர வேண்டும். ஒன்று தங்கினாலும் அடுத்த நாள் வயது கலந்துவிடும். 200 முட்டைக்குக் குறையாமல் இருக்கும், எல்லாம் மூன்று மணி நேர வித்தியாசத்துக்குள். இப்படி இரண்டு மூன்று தட்டு.

புதன் நண்பகல் பார்த்தால் பெரும்பாலானவை எல்4 என்ற கடைசி இளம்பருவத்தில் இருக்கும். அடையாளம் உடம்பின் நடுவில், வயிற்றுப்புற ஓரத்தில் தெரியும் வெளிறிய பிறை. உடம்பு முழுக்கக் குடலின் கருமை ஓடும்போது அந்த ஒரே இடம் மட்டும் நிலவுத் துண்டு போல வெளுத்திருக்கும். பிறை இன்னும் வரவில்லை என்றால் சின்னது, பிறை மறைந்து உள்ளே முட்டை தெரிந்தால் பெரியது. பிறை உள்ளதை மட்டும் எடுங்கள். டாஃப்-2 போன்ற வகைகள் மெதுவாக வளரும். அவற்றைக் கடிகாரத்தைப் பார்த்து எடுக்காமல் பிறையைப் பார்த்து எடுக்க வேண்டும், அதற்கேற்ப முட்டையிடும் நேரத்தை முன்னால் நகர்த்துங்கள். இ1370 வகையை 25 டிகிரியில் வளர்த்தால் வளர்ச்சி நின்று டவர் என்ற உறங்கு நிலைக்குப் போய்விடும்; 20க்கு மேல் விடாதீர்கள்.

ஆயிரக்கணக்கில் புழு வேண்டும் என்றால் பிளீச் முறை இருக்கிறது. தண்ணீரில் அலசிய தாய்ப்புழுக்கள் 3.5 மி.லி., அதில் 5 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 0.5 மி.லி., வீட்டு பிளீச் 1 மி.லி. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை உலுக்கினால் தாய் கரையும், முட்டை தப்பிக்கும். பத்து நிமிடத்தைத் தாண்டினால் முட்டையும் தப்பாது. ஆயுட்கால சோதனைக்கு மூன்று மணி நேர முட்டையிடும் முறையே மென்மையானது, அதையே செய்யுங்கள். பிளீச்சை அசுத்தமான தட்டைச் சுத்தம் செய்ய வைத்துக்கொள்ளலாம், அதன் பிறகு இரண்டு தலைமுறை இடைவெளி விட வேண்டும்.

முதல் நாள் எது என்று இப்போது முடிவு செய்யுங்கள். எல்4 எடுத்த நாளைப் பூஜ்ஜியம் என்று வைப்பது பரவலான வழக்கம், மறுநாள் வளர்ந்த புழுவின் முதல் நாள். நோட்டில் அப்படியே எழுதுங்கள். முட்டையிட்டதிலிருந்து எண்ணுபவருக்கும் உங்களுக்கும் இரண்டு நாளுக்கு மேல் வித்தியாசம் வரும். இருபது நாள் வாழும் உயிரில் இரண்டு நாள் என்பது பத்து சதவீதம்.

ஒரு குழுவுக்கு நான்கு தட்டு, தட்டுக்கு 28 முதல் 30 புழு. முப்பது புழுவை மட்டும் வைத்துச் செய்த சோதனை பெரிய வித்தியாசத்தைத்தான் காட்டும். பத்து பதினைந்து சதவீத நீட்சியைப் பிடிக்க நூறாவது வேண்டும். ஆண் புழு ஏதும் கலந்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். ஆண் இருந்தாலே, இணை சேராவிட்டாலும்கூட, இருபால் புழுவின் ஆயுள் குறையும்.

தட்டுகளுக்கு எண் போடும் வேலையைக் கூட இருப்பவரிடம் விடுங்கள். அவர் க, ச, ட, த என்று குறியிட்டு விடையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும். எது மருந்துத் தட்டு என்று தெரிந்தால், அசையாத புழுவை நான்காவது முறையும் தொட்டுப் பார்க்க மனம் தூண்டும். யாருக்கும் அந்த ஆசை வரும்.

குஞ்சுகளின் தொல்லை

நாள் 1 முதல் ஏறக்குறைய நாள் 6 வரை முட்டை மழை. மூன்று நாளில் குஞ்சு தாயளவு வளரும், பிறகு யார் தாய் யார் மகள் என்று தெரியாது. அதனால் முட்டையிடும் நாள்களில் தினமும் தாய்களைப் புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும், முட்டை நின்ற பிறகு நான்கைந்து நாளுக்கு ஒருமுறை போதும். இரண்டு குழு, நான்கு நான்கு தட்டு, பத்து மாற்றம் என்றால் எண்பது தட்டு. மேலே சொன்ன ஒரு லிட்டர் அதற்குத்தான்.

இந்த உழைப்பைத் தவிர்க்க எஃப்யூடிஆர் என்ற மருந்தை 50 மைக்ரோமோலார் அளவில் அகாரில் கலப்பவர்கள் நிறைய. டிஎன்ஏ உருவாவதை அது தடுக்கும்; வளர்ந்த புழுவின் உடல் செல்கள் இனிப் பிரியாது என்பதால் புழு தப்பிக்கும், முட்டை மட்டும் பொரியாது. எல்4 முடிந்த பிறகே இதில் விட வேண்டும், முன்னால் விட்டால் வளர்ச்சியே கெடும். மலிவும் வசதியும் உண்மை. ஆனால் சில மரபணு மாற்றமுள்ள வகைகளில் எஃப்யூடிஆரே ஆயுளை நீட்டுகிறது, பாக்டீரியாவையும் அது சும்மா விடுவதில்லை. முதல் சோதனையைக் கைமாற்றத்தில் செய்து, பிறகு எஃப்யூடிஆரில் அதே முடிவு வருகிறதா என்று பார்த்தால் நிம்மதி. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், உங்கள் செல்களுக்கும் டிஎன்ஏ உண்டு.

எண்ணும் நாள்

ஒரு நாள் விட்டு ஒரு நாள், முடிந்தால் ஒரே நேரத்தில். தட்டை மேடையில் வைத்து மூடியை எடுத்து, தட்டின் ஓரத்தை விரலால் இரண்டு முறை தட்டுங்கள். அதிர்வுக்கு நகர்பவை உயிர். இளம் நாள்களில் எல்லாமே ஓடும், இதோடு வேலை முடியும்.

நாள் 12 தாண்டினால் நிலைமை வேறு. மூன்று வகையைப் பார்ப்பீர்கள். சில தானாக வளைந்து நெளிந்து போகும். சில கிடந்த இடத்தில் கிடந்து, தொட்டால் மட்டும் நகரும். சிலவற்றில் உடம்பு கம்பி மாதிரி கிடக்க, மூக்கு மட்டும் சற்று இடமும் வலமும் ஆடும். மூன்றாம் வகையைத்தான் புதியவர்கள் செத்ததாக எழுதிவிடுவார்கள். தட்டின் அதிர்வுக்கு அசையாத புழுவை பிக்கால் வாலருகே மென்மையாகத் தொடுங்கள். ஐந்து நொடி பாருங்கள். பிறகு தலையருகே. மறுபடி ஐந்து நொடி. மூன்றாம் தடவையும் தலை நுனியில் அசைவில்லை, தொண்டையும் துடிக்கவில்லை என்றால் சாவு. குத்தக் கூடாது, வயதான தோல் எளிதில் கிழியும். செத்ததை அங்கேயே எடுத்து எரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறையும் அதையே எண்ணுவீர்கள்.

நோட்டில் ஒரு வரி இப்படி இருக்க வேண்டும்: நாள் 10, தட்டு க-3, உயிர் 25, சாவு 1, சென்சார் 1 (சுவரேறிக் காய்ந்தது), முந்தின உயிர் 27. சென்சார் என்பது எப்போது செத்தது என்று தெரியாமல் கணக்கிலிருந்து விலக்கும் புழு, விளக்கம் அடுத்த பகுதியில். கூட்டிப் பாருங்கள்: 25, 1, 1 சேர்ந்து 27. ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கு நேராக வேண்டும். நேராகவில்லை என்றால் தட்டை மூடாதீர்கள். மூடியின் உட்புறம், பக்கச் சுவர், அகாரின் அடிப்புறம் என்று தேடுங்கள். பெரும்பாலும் மூடியில்தான் கிடக்கும்.

கிடைக்காத புழு

சென்சார் செய்வது என்றால் புழுவை அழித்துவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பத்தாம் நாள் காணாமல் போன புழு பத்து நாள் வாழ்ந்தது என்பது நமக்குத் தெரியும், எப்போது செத்தது என்பது தெரியாது. தெரிந்த வரைக்கும் கணக்கில் வைத்து, தெரியாத இடத்தில் வெளியே விடுவதே சென்சார்.

தொலைந்தவை, சுவரில் காய்ந்தவை, பிக்கால் காயப்பட்டவை, அகாருக்குள் புதைந்தவை இதில் சேரும். இனவாய் வழியே குடல் வெளியே பிதுங்கி வெடித்தவையும், முட்டை வெளியே வராமல் தாயின் வயிற்றுக்குள்ளேயே குஞ்சு பொரிந்து தாயைத் தின்றவையும் வழக்கமாகச் சேரும். குஞ்சுகள் நெளியும் பையாக மாறிய தாயை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

ஒரு கணக்கு பார்த்தால் தெளியும். 100 புழுவில் தொடங்குகிறோம். நாள் 4இல் 6 வயிற்றுக்குள் பொரிந்து போயின, சென்சார். மிச்சம் 94. நாள் 8இல் 2 சாவு: 92/94. நாள் 10இல் 4 சாவு, 2 தொலைந்தன: 88/92. அந்த இரண்டையும் விட்டால் அடுத்து 86. நாள் 12இல் 9 சாவு: 77/86. மூன்று பின்னங்களையும் பெருக்கினால் 0.838, அதாவது நாள் 12ஐத் தாண்டி உயிரோடு இருக்கும் பங்கு. கப்லான்-மையர் முறை என்பது இந்தப் பெருக்கல்தான். சென்சார் ஆன எட்டையும் செத்ததாக எழுதியிருந்தால் 0.77 என்று வந்திருக்கும். மருந்தே கொடுக்காமல் ஆயுள் குறைந்தது போல ஒரு பொய் வித்தியாசம்.

இன்னொரு பக்கமும் உண்டு. மருந்துத் தட்டில் 25 புழு வெடித்தது, கன்ட்ரோலில் 5தான் என்றால், சென்சார் போட்டுவிட்டு நகராதீர்கள். வெடிப்பதே அந்த மருந்தின் வேலையாக இருக்கலாம். சென்சாரோடு ஒருமுறை, அவற்றைச் சாவாக எடுத்து ஒருமுறை என்று இரண்டு வரைபடமும் போட்டு இரண்டையும் காட்டுங்கள்.

எங்கே கெடும்

பூஞ்சை ஓர் ஓரத்தில் வந்தால் அந்தத் தட்டுப் புழுக்களைப் புதுத் தட்டில் இறக்கி, படலத்தில் சற்று ஊர விட்டு, மறுபடி ஒரு தட்டுக்கு மாற்றலாம். வேறு பாக்டீரியா புகுந்தால் தட்டையே சென்சார் செய்வது நல்லது, அது தரும் உணவும் நோயும் வேறு. ஓபி50கூட வயதான புழுவுக்கு முழு நண்பன் இல்லை: தொண்டையில் புகுந்து பெருகி வீங்க வைக்கிறது, இளவயதுச் சாவுகளில் கணிசமானவை இப்படிப்பட்டவை. பாக்டீரியாவைப் புற ஊதா ஒளியில் கொன்று கொடுத்தால் ஆயுள் நீள்வதும் இதனால்தான்.

நீங்கள் சோதிக்கும் மருந்து புழுவில் வேலை செய்ததா, பாக்டீரியாவில் வேலை செய்ததா என்று கேட்டுப் பாருங்கள். மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மருந்து புழுவின் ஆயுளை நீட்டுவதில் பெரும் பங்கு பாக்டீரியா வழியாகவே நடக்கிறது என்று 2013இல் காட்டினார்கள். மருந்துத் தட்டில் படலம் மெலிந்திருந்தால் அது அரைப்பட்டினி, அரைப்பட்டினியே ஆயுளை நீட்டும். வளர்ந்த புழுவின் தொண்டை உணவின்மேல் நிமிடத்துக்கு 200 தடவைக்கு மேல் துடிக்கும்; மருந்தில் அது பாதியானால் சாப்பிடவில்லை என்று பொருள். மருந்தை டிஎம்எஸ்ஓவில் கரைத்தால் கன்ட்ரோலுக்கும் அதே அளவு டிஎம்எஸ்ஓ ஊற்றுங்கள், வெறும் தண்ணீர் அல்ல. ஆர்என்ஏஐ (பாக்டீரியா உணவு வழியே ஒரு மரபணுவை அடக்கும் முறை) செய்தால் கன்ட்ரோல் எச்டி115 வகை பாக்டீரியாவில் வெற்று வெக்டர் (அடக்கும் துண்டு எதுவும் செருகாத டிஎன்ஏ வளையம்), ஓபி50 அல்ல.

மரபணு மாற்றிய புழுவை வைத்துச் செய்பவர்கள் என்2வோடு பலமுறை மறுகலப்பு செய்யாமல் (வேறு மாற்றங்கள் கழிய என்2வோடு திரும்பத் திரும்ப இணை சேர்க்காமல்) தொடங்கவே கூடாது. சர்-2.1 மரபணுவை அதிகம் உற்பத்தி செய்யும் ஒரு வகை நெடுநாள் வாழ்கிறது என்று 2001இல் வந்த செய்தி உலகம் சுற்றியது. 2011இல் அதே வகையை மறுகலப்பு செய்து பார்த்தபோது நீட்சி போய்விட்டது; நரம்பைப் பாதிக்கும் வேறொரு மாற்றம் அந்தப் புழுவில் ஒளிந்திருந்தது.

எழுதித் தருவது

ஆர் மென்பொருளில் சர்வைவல் தொகுப்போ, இணையத்தில் இலவசமாக உள்ள ஓயசிஸ் கருவியோ போதும். இரண்டு குழுக்களின் ஆயுள் கோடுகளை ஒப்பிடும் லாக்-ரேங்க் என்ற புள்ளியியல் சோதனை செய்யுங்கள். இரண்டு கோடுகள் நடுவில் வெட்டிக்கொண்டால் அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். மூன்று தனித்தனிச் சோதனை, வெவ்வேறு வாரத்தில், வெவ்வேறு கலவைத் தட்டில் செய்ய வேண்டும். மூன்றையும் ஒன்றாகக் கொட்டி 300 புழு என்று எழுதாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வரி: வெப்பநிலை, பூஜ்ஜிய நாள் எது, எஃப்யூடிஆர் உண்டா, எத்தனையில் தொடங்கி எத்தனை செத்து எத்தனை சென்சார், நடுமதிப்பு, சராசரி, பி மதிப்பு (லாக்-ரேங்க் தரும் எண்). இரண்டில் நீண்டு ஒன்றில் நீளவில்லை என்றால் அந்த மூன்றாவதும் அட்டவணையில் இருக்க வேண்டும்.

தட்டுக்குறியின் விடையை நண்பரிடம் கேட்பது கடைசிப் புழு செத்த பிறகு, எண்கள் எல்லாம் கணினியில் ஏறிய பிறகு. அதற்கு ஒரு மணி நேரம் முன்னால்கூட வேண்டாம்.